கையை எடுத்த நேரம்

பிள்ளைப்பேற்று வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு,

நான் பார்த்த பிரசவங்களைப் பற்றி உங்களுக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று உங்கள் தலைமை நர்ஸ் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு முதன்முதலில் நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான் என்பதால் மறுக்க முடியவில்லை. உட்கார்ந்து மூன்று தாள் எழுதினேன். படித்துப் பார்த்தால் மூன்றிலும் நானே கெட்டிக்காரி. குழந்தை எப்படிக் கிடந்தாலும் சரி, நான் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் சுகமாகிவிடுகிறது. அப்படி ஒரு மருத்துவச்சி இந்தப் பூமியில் கிடையாது. மூன்றையும் கிழித்து அடுப்பில் போட்டேன். நான் வெட்கப்பட்ட ஒரு காரியத்தைப் பற்றி இப்போது எழுதுகிறேன். உங்களுக்கு உபயோகப்படுகிற சமாச்சாரம் அதில்தான் இருக்கிறது.

நான் கத்தோலிக்க வேதக்காரி. உங்களில் பாதிப்பேர் வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள், அதனால் எங்கள் வழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் கொடுப்பது சாமியாருடைய வேலை. ஆனால் சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று மூவர் பெயரையும் சொன்னால் போதும். அது பெறாமல் செத்த குழந்தை மோட்சம் பார்க்காது என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்த காலம் அது. அதை நினைத்து நினைத்து உருகிப்போன தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கிள்ளானில் ஒரு மூத்த மிஸ்ஸி. நர்ஸுகளை அப்போதும் ஜனங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பெயர் வேண்டாம். தன் பெயரை யாராவது எழுதினால் அவருக்குக் கோபம் வரும், இப்போது மண்ணுக்குள் இருந்தாலும் வரும். என் முதல் பையை அவரே அடுக்கிக் கொடுத்தார். கத்தரி, நூல், மருந்து, துணி எல்லாம் வைத்து முடித்த பிறகு, பக்கப் பையில் சின்னதாக ஒரு கண்ணாடிப் புட்டியைச் செருகினார். உள்ளே கோயில் தீர்த்தம்.

"பிள்ளை நிக்காதுன்னு தெரிஞ்சா ஞானஸ்நானம் குடுத்துடு. சாமியாருக்கு ஆள் அனுப்பிட்டுக் காத்திருக்காதே," என்றார்.

கிள்ளானில் ஒரு வேதக்கார வீட்டில் அப்படி ஒரு முறை கொடுத்தேன். எட்டு மாதத்தில் பிறந்த பெண் குழந்தை. அரை மணி நேரம்தான் இருந்தது. அந்தத் தாய் அழுதுகொண்டே என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். என் பிள்ளை வெறுங்கையோடு போகவில்லை என்றாள். அன்றிலிருந்து அந்தப் புட்டி எனக்குப் பெரிய தைரியமாகிவிட்டது. எவ்வளவு பெரிய தைரியம் என்று பின்னால்தான் தெரிந்தது.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயத்தில் எனக்குப் பிரிக்பீல்ட்ஸுக்கு மாற்றல் ஆயிற்று. ரயில்வே ஆட்களின் கோட்டர்ஸ் வீடுகள் அங்கே வரிசை வரிசையாக நின்றன. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது என் வேலை. பார்ப்பது எங்கே? கதவையே திறக்கமாட்டார்கள். மிஸ்ஸி வந்தால் கத்தி வைப்பாள், மிஸ்ஸி வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அறுத்துவிடுவாள் என்று குழாயடியில் பேச்சு. ஆறு மாதம் வெயிலில் குடையோடு நடந்து, படியில் நின்று, "தண்ணி குடுங்கம்மா, தாகமா இருக்கு" என்று கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொரு வீடாக உள்ளே போனேன். அந்த ஆறு மாதத்தில் நான் குடித்த தண்ணீருக்குக் கணக்கே கிடையாது.

எனக்கு முதலில் கதவைத் திறந்தவள் அஞ்சலை. புருஷன் கோவிந்தனுக்கு ஸ்டேஷனில் ரயில் பாதை மாற்றிவிடும் வேலை. அவளுக்கு ஊரில் ஒன்றும் இங்கே இரண்டுமாக மூன்று பிள்ளை பிறந்து மூன்றும் தங்கவில்லை. நாலாவது வயிற்றில் இருந்தது. பக்கத்து வீட்டு ராஜத்தையும் எனக்குப் பழக்கிவைத்தவள் அவள்தான். ராஜமும் அப்போது உண்டாகியிருந்தாள். போன பிரசவத்தில் உதிரம் நிற்காமல் சாகக் கிடந்து பிழைத்தவள். அடுத்த முறை கட்டாயம் என்னைக் கூப்பிடுவதாக ராஜம் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அஞ்சலைக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானம். நல்ல மழை. ராஜம் அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆண் குழந்தை. நீலம் பாரித்து, சத்தமில்லாமல் பிறந்தது. அவள் இடுப்புப் பக்கத்திலேயே துணியை விரித்துப் போட்டு நான் வேலையை ஆரம்பித்தேன். என்னென்ன செய்தேன் என்று எழுதப் போவதில்லை. அதை உங்கள் பாடப்புத்தகம் என்னைவிட நன்றாகவே சொல்லும். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். குழந்தை அசையவில்லை.

அந்த நேரத்தில் உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கும் பாருங்கள், "முடிந்தது" என்று. உங்களுக்கும் கேட்கும். எனக்குக் கேட்டது. மூன்றைப் பறிகொடுத்தவளின் நாலாவது பிள்ளை. இது சர்வேசுரன் முகத்தையாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் என்று ஒன்று என் மனதில் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பையில் கைவிட்டுப் புட்டியை எடுத்தேன். மூடி இறுகியிருந்தது. பல்லால் கடித்துத் திறந்தேன். மூவர் பெயரையும் சொல்லித் தலையில் ஊற்றினேன். ஊற்றி முடித்த கொஞ்ச நேரத்தில் குழந்தை ஒரு கேவல் கேவியது. பிறகு அழுதது. நான் அங்கேயே முழங்காலில் உட்கார்ந்து அதைவிட அதிகமாக அழுதேன்.

அஞ்சலையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கும் அருளம்மாவிடம் சொன்னேன். செத்த பிள்ளை, தீர்த்தம் பட்டதும் எழுந்தது என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே இனிமையாக இருந்தது. அருளம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சர்வேசுரனைப் புகழ்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன், ஆனால் அந்தப் புகழ்ச்சியில் பாதி எனக்கு வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக்குள் நடந்ததை வெளியே கொண்டுபோவது நம் தொழிலில் எவ்வளவு பெரிய துரோகம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பத்து நாளில் பேச்சு குழாயடிக்கு வந்துவிட்டது. மிஸ்ஸி தண்ணீர் ஊற்றிப் பிள்ளைகளை வேதத்தில் சேர்க்கிறாள் என்று. கோவிந்தன் வேலை உடுப்போடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினான்.

"புள்ளைய வேதத்துல சேத்துட்டீங்களாமே மிஸ்ஸி. நெசமா?"

"கோவிந்தா, பிள்ளை பிழைக்காதுன்னு நினைச்சு..."

"எங்களுக்குன்னு குலசாமி இருக்கு. ஒரு வார்த்த கேக்கலையே. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க."

அவன் வீடு மட்டுமா? ஒரே வாரத்தில் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. படியில் நின்று தண்ணீர் கேட்டால் குழாயைக் கை காட்டினார்கள். ராஜம் என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு உள்ளே போனாள். என்மேல் கோபம் இருக்கட்டும், அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் ராஜத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அவள் நாள் வரும்போது அந்தக் கதவு திறக்காவிட்டால் அவள் செத்துப்போவாள். அவளைப் பரிசோதித்தவள் நான், எனக்குத் தெரியும். என் வாய்க்கொழுப்புக்கு அவள் உயிரைக் கொடுப்பாளா?

சாமியாரிடம் போனேன். பிரெஞ்சுக்காரர், முப்பது வருடத் தமிழ் பேசுவார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஞானஸ்நானப் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டு, பிள்ளை பெயர், தாய் தகப்பன் பெயர் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. எழுதிவிட்டால் பிறகு கோயிலில் இருந்து ஆள் போவார்கள், பிள்ளையை வேதத்தில் வளர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். கதவு அதோடு நிரந்தரமாகச் சாத்திக்கொள்ளும்.

"தாய்க்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நான் சொல்லலை சாமி. ஊர் சொல்லிடுச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எழுதுறது என்னோட வேலை. தாய்க்குச் சொல்றது உன்னோட வேலை. உன்னோட வேலை முதல்ல. போ," என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். திட்டாததால் போக வேண்டிய இடத்துக்கே போக வேண்டியதாயிற்று.

கோவிந்தன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அவள் வாங்க என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தான் பயல். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அஞ்சலை, ஜனங்க பேசுறது நெசம்தான். உன்னைக் கேக்காம உன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். அப்புறம் கோயில்ல போயி அதைப் பெருமையாச் சொன்னேன். ரெண்டுக்கும் நீ என்னை என்ன வேணும்னாலும் சொல்லு."

"தண்ணி ஊத்துனது எனக்கு அன்னைக்கே தெரியும் மிஸ்ஸி. நான் என்ன கண்ண மூடிக்கிட்டா கெடந்தேன்?"

"அப்போ ஏன் கேக்கலை?"

"புள்ள அழுதுச்சு. அது போதும்னு இருந்துட்டேன்." பிள்ளையை மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "ஆனா என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நான் அங்கதானே கெடந்தேன். நான் பெத்தவ இல்லையா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"தண்ணி கெடக்குது, விடுங்க. மாரியாத்தா கோயில் தண்ணியும்தான் இவன் தலையில ஊத்தியிருக்கேன். அவங்களுக்குள்ள பேசித் தீத்துக்கட்டும். எனக்கு ஆறாதது வேற மிஸ்ஸி. நீங்க கைய எடுத்துட்டீங்க."

எனக்குப் புரியவில்லை. என்ன கை என்று கேட்டேன்.

"புள்ளைய விடாம தேச்சுக்கிட்டே இருந்தீங்க. நானும் உங்க கையையே பாத்துக்கிட்டு இருந்தேன். திடீர்னு கைய எடுத்துட்டுப் பையில தேடுனீங்க. மூடி தொறக்கல, பல்லால கடிச்சீங்க. அம்புட்டு நேரமும் புள்ள தனியா கெடந்தான். இவங்க முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு முடிஞ்சுது மிஸ்ஸி, எனக்கு முடியலையே. எக்கி இவன் காலப் புடிச்சேன். உள்ளங்கால தேச்சேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தீங்க."

அவள் பிரசவித்து ஐந்து நிமிடம்கூட ஆகாதவள் அப்போது. எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாத உடம்பு. நான் திரும்பியிருந்த பக்கத்தில் புட்டி இருந்தது. குழந்தை இருந்த பக்கத்தில் அவள் இருந்தாள்.

அந்தக் குழந்தையை அழ வைத்தது குளிர்ந்த தண்ணீரா, அவள் விரலா, அதற்கு முன் நான் செய்த வேலையா, எனக்கு இன்றுவரை தெரியாது. சர்வேசுரனிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் நாள் எனக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரியும். அந்தத் தீர்த்தத்தை நான் நம்பிக்கையினால் எடுக்கவில்லை. நம்பிக்கை போய்விட்டதால் எடுத்தேன். கோயிலில் நான் அற்புதம் என்று சொல்லித் திரிந்தது, நான் கையை எடுத்த அந்த அரை நிமிடத்தைத்தான். இதைப் புரிந்துகொண்டபோது அஞ்சலை வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கேட்காமலே கொடுத்தாள்.

குடித்துவிட்டு ராஜத்தைப் பற்றிச் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். "அவளுக்கு உதிரம் நிக்காது அஞ்சலை. என் மேல கோபம் இருந்தா ஆஸ்பத்திரிக்காவது போகச் சொல்லு. சும்மா வீட்டுல கிடந்தா போயிடுவா."

"ஆஸ்பத்திரிக்கு அவ மாமியா விடாது. உங்களையும் விடாது," என்றாள். காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "பாப்பம்லா."

சாமியாரிடம் போய், தாய்க்குச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். சரி என்றார். அவர் எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு யாரையும் அவர் அனுப்பவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ராஜத்துக்கு நாள் வந்தது. காலை எட்டு மணி இருக்கும், அஞ்சலை ஓட்டமாக என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை இடுப்பில் இல்லை. எங்கே என்று கேட்டேன். "அவங்க அப்பாகிட்ட குடுத்துட்டு வந்தேன். அவருதான் போயிக் கூட்டிட்டு வான்னாரு. வாங்க வாங்க," என்றாள். அந்த அவசரத்திலும் எனக்குக் கண் கலங்கியது.

ராஜம் வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். மாமியார் கதவின் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே ராஜத்தின் சத்தம் கேட்டது.

"தண்ணி ஊத்துறவள உள்ள விடமாட்டேன்," என்றாள் மாமியார்.

அஞ்சலை என் கையை எட்டிப் பிடித்து, எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினாள். "நாந்தானே புள்ளையோட ஆத்தா? எனக்கே கோவம் போயிருச்சு, ஒங்களுக்கு என்ன? நான் பக்கத்துலயே நிக்கிறேன். மிஸ்ஸி கைய எடுத்தா நான் கைய வைக்கிறேன். தள்ளுங்க."

மாமியார் விலகினாள். என்னை நம்பி விலகவில்லை, அஞ்சலையை நம்பி விலகினாள். அதில் எனக்கு ஒன்றும் குறைவில்லை.

புட்டி அன்றும் என் பையில் இருந்தது. அதை வீட்டில் வைத்துவிட்டு வரும் அளவுக்கு நான் தெளிந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். இருக்கட்டும் என்றுதான் தோன்றியது. ராஜத்தின் குழந்தை பிறந்தபோது அதுவும் அசையவில்லை. ராஜத்துக்கு நான் பயந்த மாதிரியே உதிரம் போக ஆரம்பித்திருந்தது. ஒரு கை தாயின் வயிற்றில், ஒரு கை குழந்தையின் மேல். இரண்டும் பத்தவில்லை. மறுபடியும் அதே குரல் உள்ளே கேட்டது. என் கண் தன்னால் பையின் பக்கம் போயிற்று. உதடு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டது. அஞ்சலை அதைப் பார்த்துவிட்டாள்.

"மிஸ்ஸி, கைய எடுக்காதீங்க."

"அஞ்சலை, இந்தப் பிள்ளை..."

"எடுக்காதீங்கங்கிறேன்ல! உங்க சாமிய நான் கூப்புடுறேன். நீங்க வேலையப் பாருங்க."

அவளுக்கு எங்கள் ஜெபம் ஒன்றுகூடத் தெரியாது. எங்கள் சாமிகளின் பெயரும் தெரியாது. நெற்றியில் காலையில் இட்ட திருநீறு வியர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. ஒரு கையால் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே, கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தாள். "மிஸ்ஸியோட சாமி, மிஸ்ஸியோட சாமி, இங்க வா. மிஸ்ஸிக்குக் கை ஒழியல, அதான் நான் கூப்புடுறேன். மிஸ்ஸியோட சாமி, இங்க வா."

நான் கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தாய்க்கு உதிரம் அடங்கிக்கொண்டு வந்தது. குழந்தையின் நெஞ்சு என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு முறை ஏறி இறங்கியது. இன்னொரு முறை ஏறியது. பிறகு வீடு அதிரும்படி அழுதது. பெண் குழந்தை. வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் திபுதிபுவென்று உள்ளே வந்துவிட்டார்கள், மாமியார் முதல் ஆளாக.

அஞ்சலைக்கு எதுவும் காதில் விழவில்லை. குழந்தை அழுகிறது, பெண்கள் சிரிக்கிறார்கள், மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவள் மட்டும் மூடிய கண்ணைத் திறக்காமல், தொண்டை கட்டிப்போன குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "போதும்டி அஞ்சலை, கேட்டுட்டாரு" என்று நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.